மேலே வைத்த பழம்

போன செவ்வாய்க்கிழமை சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கடைவீதியில் நல்லியண்ணனைப் பார்த்தேன். சட்டென்று ஒரு புளி மூட்டைக்குப் பின்னால் ஒதுங்கினேன்... அதற்குள் அவர் பார்த்துவிட்டார்.

ஒளிகிற அளவுக்கு என்ன செய்துவிட்டாய் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

ஆறு மாதத்துக்கு மேல் ஓர் ஊரில் தங்காதவன் நான். நாலாவது வகுப்போடு படிப்பு முடிந்தது. ஆனால் இங்கிலீஷில் கையெழுத்துப் போடுவேன். அந்த ஒரு வித்தையை வைத்துத்தான் போன கோடையில் சேலம் ஜங்ஷனில் பார்சல் ஏஜெண்டாக இருந்தேன். சரக்கு கொண்டுவருபவருக்காக ஃபாரம் எழுதி, கையெழுத்துப் போட்டு, ரயிலேற்றிவிட வேண்டும்.

நல்லியண்ணனுக்கு நாமகிரிப்பேட்டைப் பக்கம் ஒரு மாந்தோப்பு. வருஷா வருஷம் பூ விடும்போதே வியாபாரிக்குக் குத்தகைக்கு விட்டுவிடுவார். அப்புறம் சொந்த மரத்திலிருந்து ஒரு காய் பறிக்க வேண்டுமானாலும் வியாபாரியின் காவல்காரனைக் கேட்க வேண்டும். அந்த வருஷம்தான் துணிந்து, பட்டணத்துப் பழக்கடை ஒன்றுக்கு நேராக அனுப்ப வந்திருந்தார்.

"இது ஒண்ணு நல்லபடியாப் போய்ச் சேர்ந்துட்டா, இனித் தோப்ப ஒருத்தங்கிட்டயும் உடறதில்லீங்க" என்றார்.

பத்துக் கூடைகள். ஒன்பதுக்கு வாயில் கோணி வைத்துத் தைத்தாகிவிட்டது. பத்தாவதிலிருந்து ஒரு பழத்தை எடுத்து நீட்டினார்.

"சாப்புட்டுப் பாருங்க சாமி."

கடித்தேன். சாறு முழங்கை வரை வழிந்தது.

"எல்லாக் கூடையிலும் மேலே இப்படித்தானா?"

"ஆமாங்க. ஊட்டுக்காரி சொன்னா. தொறந்ததும் வாங்குறவங்க கைக்கு நல்ல பழமாக் கெடைக்கோணுமுங்களாம். அடியில பூராவும் செங்காய்தானுங்க."

விருந்தாளிக்கு முதல் பந்தியில் இலை போடுகிற மனசு! ஆனால் ரயிலுக்கு அந்த மனசு ஆகாது. நன்றாகப் பழுத்தது ஒன்று மேலே இருந்தால் போதும். இரண்டு நாள் வெக்கையில் அது அழுகி, கூடை முழுவதையும் அழுகவைத்துவிடும். பல ஊர்களில் பழம் ஏற்றியவன் நான். எனக்குத் தெரியாதா?

தெரியும். சொன்னால் பத்துக் கூடையையும் பிரிக்க வேண்டும். வண்டிக்கு நேரமாகிவிட்டது...

"ரயில்வே ரிஸ்க்கா, ஓனர் ரிஸ்க்கா? சீக்கிரம் சொல்லுய்யா!" என்று குமாஸ்தா கத்தினார்.

ரயில் கட்டணம் குறைவு என்பதால் எல்லோரும் போடுவது ஓனர் ரிஸ்க். வழியில் சரக்குக்கு என்ன ஆனாலும் சொந்தக்காரர் பாடு. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

பத்து நாளில் நல்லியண்ணன் பழக்கடைக்காரர் போட்ட கார்டோடு வந்து நின்றார். பழம் அழுகி வந்ததாம். கடைக்காரர் குப்பையில் கொட்டிவிட்டாராம். குமாஸ்தாவிடம் போனோம். அவர் ஃபாரத்தைத் திருப்பிக் காட்டினார்.

"அதுல நான் கைநாட்டு வெய்க்கவே இல்லீங்களே?" என்றார் நல்லியண்ணன்.

"உமக்காகத்தான் உம்ம ஏஜெண்ட் போட்டிருக்காரே!"

நல்லியண்ணன் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவில்தான் எத்தனை கைகள்! ஏற்றியவன், இறக்கியவன், முத்திரை குத்தியவன்... கேட்டுப் பாருங்கள், எல்லாக் கையும் சுத்தம். கையெழுத்துப் போட்ட அன்று என் கையில் மட்டும் மாம்பழ வாசனை அடித்தது.

சரி, செவ்வாய்ப்பேட்டைக்கு வருகிறேன்.

"ஏனுங்க, சௌக்கியமுங்களா?" என்று சிரித்தபடி கிட்டே வந்தார். "இந்த வருசம் மறுபடியும் பூவுலயே உட்டுட்டனுங்க. இனி இந்த வேலையெல்லாம் நமக்கு எதுக்குங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே கூச்சத்தோடு தொடர்ந்தார்: "உங்களுக்கு ஒரு பழங்கூடக் கொண்டாந்து குடுக்க முடியாதுங்க சாமி. எல்லாம் வியாபாரியோடதாயிருச்சு. தப்பா நெனச்சுக்காதீங்க."

மன்னிப்புக் கேட்டவர் அவர்!

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இப்படி எழுத்தில் உங்களிடம்தான் சொல்கிறேன் — நல்லியண்ணனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.