வெடிக்காத தார் டிரம்

ஒன்பது வயதில் ஓர் ஊரையே கண்மாய்க் கரைக்கு ஓடவைத்தவன் நான். இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒரே ஒரு தடைதான்: அந்த ஓட்டத்தில் முதல் ஆளும் நானே.

சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவே கரிசல் காட்டில் எங்கள் ஊர். அறுபதுகள் தொடங்கிய சமயம். பாதி ஊர் பருத்திக் காட்டுக்குப் போகும், பாதி ஊர் பட்டாசுக் கம்பெனிக்குப் போகும். அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, கம்பெனியில் மருந்து கலக்கும் அறையில் வேலை பார்த்தவள். ஒருநாள் வீட்டுக்கு வந்து வெகுநேரம் கையைக் கழுவினாள். பிறகு, "இனிமே அந்த ரூமுக்குள்ள கால் வைக்க மாட்டேன்" என்றாள்.

சரி, சாப்பாட்டுக்கு? அதற்கும் வழி வைத்திருந்தாள். பருத்தி எடுத்து முடிந்த காட்டில் காய்ந்து நிற்கும் செடியைப் பருத்திமார் என்போம். அடுப்பெரிக்க வீட்டுக்கு வீடு அடுக்கியது போக, மிச்சத்தைக் காட்டிலேயே கொளுத்திவிடுவார்கள். அதைக் கரியாக்கி, சிவகாசிக் காப்பிக் கடைகளின் பாய்லருக்குப் போடுவது என்று அத்தை முடிவு செய்தாள். ஒரு கடைக்காரர் ஒத்துக்கொண்டார்.

"புகையாம எரியணும் தாயி. காப்பியில புகை வாடை அடிச்சுச்சுன்னா மூட்டையோட திருப்பி அனுப்பிருவேன்."

முதல் மூட்டை சரியாக வராவிட்டால் அத்தை மறுபடி அந்த அறைக்குத்தான் போக வேண்டும். இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

ரோடு போட்டவர்கள் விட்டுப்போன தார் டிரம் ஒன்றைச் சுட்டுச் சுத்தம் செய்து, பருத்திமாரை ஒடித்துத் திணித்து, மூடியைப் போட்டு விளிம்பெல்லாம் களிமண் பூசினாள். மூடியில் விரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. மூன்று கல்லின் மேல் டிரம்மை ஏற்றி அடியில் தீ மூட்டினாள். உள்ளே இருப்பதன் மேல் தீ படாது, காற்றும் படாது. சூடு மட்டும்தான் ஏறும்.

"எரியவிட்டா சாம்பலாப் போயிரும் மருமகனே. வேகவிடணும்."

முதலில் இட்லிக் கொப்பரை ஆவி போல வெள்ளைப் புகை வந்தது. ஈரம் போகிறது என்றாள். பிறகு மஞ்சளாக, கண்ணைக் கரிக்கும் கெட்டிப் புகை. "இந்தப் புகை அம்புட்டும் இங்கனயே போயிரணும். கடைக்குப் போற கரியில மிச்சம் இருக்கக் கூடாது." பூசிய மண் காய்ந்து கீறல் விடவே, குழைத்துப் பூசத் தண்ணீர் எடுக்கக் கிணற்றுக்குக் கிளம்பினாள். "எதையும் தொடாத. பாத்துக்கிட்டு மட்டும் இரு."

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். புகை மெலிந்தது. டிரம் 'உஸ்ஸ்' என்று சீறியது. அடியில் எரிந்த தீ ஒரு வீச்சு வீசி மேலே எட்ட, ஓட்டையிலிருந்து முழ நீளத்துக்குத் தீ எழுந்து நின்றது. அத்தை சொல்ல மறந்த ஒரே விஷயம் அது. வேகும் பருத்திமாரிலிருந்து வரும் ஆவியே எரியும்; கரி பதமாகிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். எரிந்து அடங்கும்போது ஓட்டையை அடைத்துவிட வேண்டும். விட்டால் காற்றுப் புகுந்து கரியெல்லாம் சாம்பலாகும். எனக்குத் தெரிந்ததோ ஒன்றுதான். மூடிக் கட்டிய பொருளுக்குள் தீ போனால் எங்கள் ஊரில் அதற்குப் பெயர் வெடி.

"வெடிக்கப் போகுது! ஓடுங்க!"

இந்தச் சத்தம் காதில் விழுந்தால் எங்கே, என்ன என்று எங்கள் ஊரில் யாரும் கேட்பதில்லை. அம்மா ஆட்டுக்கல்லை விட்டு மாவுக் கையோடு ஓடினாள். அப்பா பாதிச் சவரத்தில் சோப்பு நுரையோடு ஓடினார். பக்கத்து வீட்டு மாமா கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடினார். எனக்கும் எதையாவது காப்பாற்ற வேண்டும் என்று தோன்றி, கையில் அகப்பட்டதை அள்ளிக்கொண்டு ஓடினேன். கண்மாய்க் கரையில் நின்று பார்த்தால், அது விளக்குமாறு.

குடத்தோடு அத்தை எதிரே வந்தாள். "என்னலே வெடிக்குது?"

"டிரம்மு! ஓட்டை வழியாத் தீ அடிக்குது!"

அத்தையின் முகம் மலர்ந்தது. நான் அவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றே நினைத்தேன். குடத்தோடு டிரம்மைப் பார்த்து ஓடினாள்.

"மதினி, போகாதீக!" அம்மா அலறினாள்.

நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். காதையும் பொத்தியிருக்கலாம், அதற்கு விளக்குமாற்றைக் கீழே போட வேண்டும், மனம் வரவில்லை.

ஒரு சத்தமும் இல்லை. கொஞ்ச நேரத்தில் முழங்கை வரை மண் அப்பிய கையோடு அத்தை வந்தாள். "அடைச்சாச்சு. எல்லாரும் போயி அவுகவுக சோலியப் பாருங்க."

ஊர் சிரிக்கத் தொடங்கியது. "மாப்ளே, பாதி மூஞ்சி மட்டும் கல்யாணத்துக்குப் போகுதோ?" என்றார் கட்டில் மாமா. "நீரு வெடிக்கையில படுத்துக்கிட்டே பாக்கலாம்னு வந்தீராக்கும்?" என்றார் அப்பா. எல்லோரும் எல்லோரையும் பார்த்துச் சிரித்தார்கள். விளக்குமாற்றை நெஞ்சோடு அணைத்து நின்ற என்னைப் பார்த்து மட்டும் ஒருவரும் சிரிக்கவில்லை.

அப்பா என் பக்கம் வந்தார். அவருடைய கையை எனக்கு நன்றாகத் தெரியும். கன்னத்தை வாகாகக் காட்டிக்கொண்டு நின்றேன்.

"பயந்துட்டியாலே?"

"ஆமா."

"சரி. எப்பப் பயந்தாலும் இப்படித்தான் கத்தணும்." அவ்வளவுதான். கட்டில் மாமா மடியிலிருந்து ஒரு கை பொரிகடலை எடுத்து என் வாயில் போட்டார். "நல்ல தொண்டைடா ஒனக்கு" என்றாள் அத்தை.

மறுநாள் ஆறிய பிறகு டிரம்மைத் திறந்தாள். பருத்திமார் ஒடித்துப் போட்ட உருவம் கலையாமல் கறுத்துக் கிடந்தது. ஒரு குச்சியைக் கல்லில் போட்டாள், 'கிணிங்' என்றது. கடைக்காரர் பாய்லரில் போட்டுக் கிளறி, மூக்கை நீட்டி மோந்து பார்த்துவிட்டு, "அடுத்த லோடு எப்ப தாயி?" என்றாராம். அத்தை மருந்து அறைப் பக்கம் அதன்பின் போகவே இல்லை.

நான் மட்டும் ஒரு வாரம் அப்பாவின் கைக்கு எட்டாத தூரத்திலேயே நடந்தேன். இந்த அடி எங்கே போய்விடும், வட்டியோடு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. யாரும் கேலிகூடச் செய்யாததில் எனக்குச் சற்று வருத்தமும் உண்டு. நல்ல மனிதர்கள், ஆனால் கொஞ்சம் விவரம் போதாதவர்கள் என்று அவர்களைப் பற்றி முடிவு கட்டினேன்.

அன்று எனக்கு ஓர் அறை விழுந்திருந்தால், அதைப் பார்த்துக்கொண்டு நின்ற பிள்ளைகளில் ஏதோ ஒன்று, பின்னொரு நாள் நிஜமான புகையைப் பார்த்து, கத்தலாமா வேண்டாமா என்று ஒரு நொடி யோசித்திருக்கும். அந்த ஒரு நொடி எவ்வளவு நீளம் என்பது கண்மாய்க் கரையில் நின்ற பெரியவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை. நான் இன்னொரு கை பொரிகடலை வருமா என்று வாயைத் திறந்துகொண்டு நின்றேன்.