சவாசனத்துக்குப் பக்கத்தில் ஒரு தொட்டில்

யோகா நிலையத்தின் முன்மேசையில் உட்காருகிறவளுக்கு யோகா தெரிய வேண்டியதில்லை. வந்தவர்களின் செருப்பு மாறிப் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். வேலைக்குச் சேர்ந்த அன்று என்னிடம் அப்படித்தான் சொன்னார்கள்.

சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மிளகாய் அரைக்கும் மில்லுக்கு மேல்மாடியில் இருந்தது எங்கள் நிலையம். நடத்துகிறவர் மிஸ்ஸிஸ் ராசா. யாழ்ப்பாணத்துக் குடும்பம்; அரசாங்க ஆபீசில் ஸ்டெனோவாக இருந்து ஓய்வு பெற்றவர். கான்வென்ட்டில் எனக்கு டைப்பிங்கும், முதுகு வளையாமல் உட்காரவும் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அந்த முதுகைப் பார்த்துத்தான் என்னை எடுத்தாராம். கைக்குழந்தையையும் கூட்டிவரலாம், வகுப்புக்கு மட்டும் தொந்தரவு கூடாது என்றார். மேசைக்குப் பின்னால் உத்தரத்தில் கொக்கி மாட்டி, ஸ்பிரிங் வைத்த சாரோங் துணித் தொட்டில் கட்டிக்கொண்டேன்.

என் மகள் செலினுக்கு, பிறந்த ஒரு மாதத்தில், தூக்கத்திலேயே மூச்சு நின்று உதடெல்லாம் நீலமாகிவிட்டது. டாக்சியில் அள்ளிக்கொண்டு ஓடினோம். டாக்டர்கள் காப்பாற்றி, இனிப் பயமில்லை என்று கையில் கொடுத்தார்கள். அவர்களுக்குப் பயமில்லை. எனக்கு அன்று போன தூக்கம் திரும்பவில்லை. அவள் கண்ணை மூடினால் போதும், மூக்கடியில் விரல் வைத்துப் பார்ப்பேன். இந்த வரியை எழுதிவிட்டுக்கூட எழுந்து போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். நன்றாகத் தூங்குகிற பிள்ளையை எழுப்பி, உயிரோடு இருப்பதைப் பார்த்துவிட்டு, பிறகு தூங்கவைக்க முடியாமல் அழுத தாய்மார்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

ஆன்மா அப்புறம்

சேர வருகிறவர்களிடம் நான் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "உடம்புக்கா, மனசுக்கா, ஆன்மாவுக்கா?" வெளிப்பலகையில் மூன்றும் எழுதியிருந்தது. மிஸ்ஸிஸ் ராசாவைக் கேட்டால் மூன்றும் ஒன்றுதான் என்பார். ஆனால் யாரை எந்த வாசல் வழியாக உள்ளே விடுவது என்று தெரிய வேண்டுமாம்.

மணியம் அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். ஒரு கை இடுப்பில், ஒரு கை சுவரில், படிக்குப் படி நின்று மேலே வந்து சேர்ந்தார். நான் பாடமாகப் படித்த கேள்வியைக் கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார், ஆடுகிற தொட்டிலைப் பார்த்தார், மூச்சு வாங்கிக்கொண்டார்.

"தங்கச்சி, ஆன்மா நல்லாத்தான் இருக்கு. இடுப்பை மட்டும் பாருங்க லா."

காரமான மூச்சு

மாலை வகுப்பு தொடங்குவதற்குள் கீழே மில்லை நிறுத்திவிடுவார்கள். தீபாவளி நெருங்கிவிட்டால் மட்டும் அந்த ஒப்பந்தம் செல்லாது. அப்படி ஒருநாள் மிஸ்ஸிஸ் ராசா மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். "இழுங்கோ... ஆழமா இழுங்கோ... இன்னும் ஆழமா..." கீழே மோட்டார் உறுமியது. சொன்ன பேச்சைக் கேட்டவர்கள்தான் முதலில் மாட்டிக்கொண்டார்கள்.

முதல் தும்மல் மேடம் லிம்முடையது. தேக்கா மார்க்கெட்டில் காய்கறி விற்கிற சீனத்து அம்மா அவர். அடுத்து மணியம் அண்ணன். இடுப்பைப் பிடித்துக்கொண்டே தும்மினார். நான் செலினைச் சேலையில் சுற்றிக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் தெருவுக்கு ஓடிவிட்டேன். பின்னாலேயே மொத்த வகுப்பும் கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கி வந்தது. குழந்தை ஒருத்தி மட்டும் தும்மவில்லை; எங்களைப் பார்த்துச் சிரித்தாள். மேடம் லிம் மூக்கைத் துடைத்துவிட்டு, பாசார் மலாய் என்கிற சந்தை மொழியில் மிஸ்ஸிஸ் ராசாவிடம் கேட்டார்:

"பத்து நாளா அடைச்சிருந்த மூக்கு திறந்துட்டது. நாளைக்கும் இந்தப் பயிற்சி உண்டா?"

தெரிந்த முகம்

எங்கள் மாதாகோயில் பங்கில் யோகா என்றாலே முகம் சுளிக்கிறவர்கள் இருந்தார்கள். 'சிராங்கூன் ரோட்டில் ஒரு ஆபீஸ்' என்றுதான் நானும் சொல்லி வைத்திருந்தேன். ஒருநாள் படியில் தெரிந்த தலை ஒன்று ஏறி வந்தது. திரேசா அக்கா! ஞாயிறு பூசையில் பாடற்குழுவை நடத்துகிறவர். நான் செருப்பு அடுக்குகிற சாக்கில் மேசைக்கு அடியில் குனிந்தேன். அவரோ என் தலையைக் கண்டுவிட்டுச் சுவரில் இருந்த காலண்டரை உற்றுப் பார்க்கத் தொடங்கியிருந்தார். எவ்வளவு நேரம்தான் ஒருவர் காலண்டர் பார்ப்பது! செலின் அழுதாள். அவள் ஞானஸ்நானத்தில் கோயிலே அதிர அழுத குரல். திரேசா அக்காவுக்குத் தெரியாமலா இருக்கும்?

முழங்கால் வலி அவருக்கு. வகுப்பில் எல்லாரையும் மண்டியிட்டு உட்கார்ந்து கண்ணை மூடச் சொன்னார்கள். மண்டியிட்டதும் அக்காவின் கை தன்னாலே நெற்றிக்குப் போய், நெஞ்சுக்கு வந்து, இரண்டு தோளையும் தொட்டு சிலுவை போட்டது. கண்ணை முழுசாக மூடாத மணியம் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, இதுவும் பயிற்சிதான் போலும் என்று அப்படியே செய்தார். அவரைப் பார்த்து மேடம் லிம்மும். மிஸ்ஸிஸ் ராசா அடுத்த ஆசனத்துக்குப் போய்விட்டார். வகுப்பு முடிந்து செருப்பு மாட்டும்போது அக்கா என் காதோரம் குனிந்தார்.

"நான் உன்னைப் பார்க்கல, நீ என்னைப் பார்க்கல. அது சரி, வியாழக்கிழமை வகுப்பு எத்தனை மணிக்கு?"

ஜெபமாலைக் கடிகாரம்

வகுப்பின் கடைசியில் எல்லாரும் செத்தவர்களைப் போல மல்லாந்து படுத்து, உடம்பைத் தளரவிடுவார்கள். அதுதான் சவாசனம். சுவர்க் கடிகாரம் நின்றுபோனதால், நேரம் பார்த்து மணி அடிக்கிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் மேசைக்கு அடியில் ஜெபமாலையை உருட்டி நேரம் கணக்கிட்டேன். செலின் நன்றாக இருந்த நாளில் என் ஜெபம் நிதானமாகப் போகும். எல்லாரும் சுகமாகக் கிடப்பார்கள். அவளுக்குச் சளி பிடித்து மூச்சு கர்ர் என்று இழுத்த நாளில் ஜெபம் ஓட்டமாக ஓடியது. மணி அடித்துவிட்டேன். மேடம் லிம் எழுந்து உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தார்.

"இன்னைக்குச் சீக்கிரமாச் செத்து, சீக்கிரமா எழுந்துட்டோம் லா."

ஒரு விரல்

உண்மையைச் சொன்னால் எனக்குச் சவாசனத்தைப் பார்க்கவே பிடிக்காது. வரிசையாகக் கிடக்கிற உடம்புகள், லேசாகத் திறந்த வாய்கள். நான் ஒவ்வொரு நெஞ்சாகப் பார்த்துக்கொண்டே போவேன்: ஏறுகிறது, இறங்குகிறது, சரி, அடுத்தவர். ஒருநாள் மணியம் அண்ணனுடைய நெஞ்சு ஏறவில்லை. காத்துப் பார்த்தேன். இறங்கவும் இல்லை. மிஸ்ஸிஸ் ராசாவும் கண்ணை மூடியிருந்தார். யாரைக் கூப்பிடுவது? பாய்களுக்கு நடுவே மெதுவாக நடந்து போய், மண்டியிட்டு, அவர் மூக்கடியில் விரலை வைத்தேன்.

ஒரு கண் திறந்தது. "இருக்கேன் தங்கச்சி. டபுள் ஷிப்ட் பார்த்துட்டு வந்தேன், அவ்வளவுதான்."

பக்கத்துப் பாயில் ஒரு வயிறு குலுங்கியது. அப்புறம் எல்லா வயிறும் குலுங்கின. கூடத்தில் ஒரு பிணம் மிச்சமில்லாமல் சிரித்தது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. வகுப்பு முடிந்ததும் மிஸ்ஸிஸ் ராசா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். வேலை போயிற்று என்றே நினைத்தேன். நீல உதட்டிலிருந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் கடைசிவரை கேட்டார்.

"எல்லாற்ற மூச்சையும் நீரே பாத்துக்கொண்டிருந்தா, நீர் எப்ப மூச்சு விடுறனீர், பிள்ளை?"

தொட்டில் நின்றபோது

மறுநாளிலிருந்து மிஸ்ஸிஸ் ராசா மணி அடிக்கிற வேலையை என்னிடமிருந்து எடுத்துவிட்டார். சவாசன நேரத்தில் தொட்டிலை ஆட்டினால் போதும் என்றார். ஸ்பிரிங் கிரீச், கிரீச் என்று போகும். அந்தச் சத்தத்துக்கு எல்லாரும் மூச்சை இழுத்து விடப் பழகிவிட்டார்கள். சத்தம் இல்லாமல் தனக்கு உடம்பு தளரவே மாட்டேன் என்கிறது என்று திரேசா அக்கா சொன்னார்.

ஒரு மழை நாள். தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தது ஞாபகம் இருக்கிறது. நிறுத்தியது ஞாபகம் இல்லை. கிரீச் சத்தம் மெதுவாகி, அப்புறம் நின்றே போய்விட்டதாம். பிறகு ஒவ்வொருவராக எழுந்து வந்தார்களாம். நான் கண்ணைத் திறந்தபோது கூடத்தில் பாய்கள் வெறுமையாகக் கிடந்தன. எல்லாரும் என் மேசையைச் சுற்றி நின்றார்கள். அத்தனை பேர் தொட்டிலைச் சுற்றி நிற்பதைப் பார்த்ததும் விரலை நீட்டிக்கொண்டு தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தேன்.

திரேசா அக்கா தரையில் விழுந்திருந்த என் ஜெபமாலையை எடுத்து வைத்திருந்தார். கிரேன் ஓட்டுகிற பெரிய விரல் ஒன்று, செலினின் மூக்கடியில், தொட்டும் தொடாமலும் நின்றது. மணியம் அண்ணன் நிமிரவே இல்லை. யாரையும் எழுப்பிவிடக் கூடாது என்கிற குரலில் சொன்னார்:

"பிள்ளைக்கு நான் பார்த்துட்டேன், உங்களுக்கு மேடம் லிம் பார்த்துட்டாங்க. ரெண்டு பேருக்கும் மூச்சு நல்லா வருது. தூங்குங்க லா."

அந்த நிலையத்தில் நான் உருப்படியாகச் செய்து முடித்த ஒரே ஆசனம் சவாசனம்தான், அதையும் நாற்காலியில் உட்கார்ந்தபடி, சம்பளத்துக்கு வேலை பார்க்க வேண்டிய நேரத்தில்.