அஞ்சலைக்கல்லு ஒரு டிக்கெட்

காலை 6.40. தஞ்சாவூர் பேருந்து நிலையத்தில் கும்பகோணம் வண்டியில் ஏறினேன். பதினைந்து ரூபாய் டீ நாக்கைச் சுட்டது. முந்தின நாள் வந்த போன் அதைவிட மோசமாகச் சுட்டிருந்தது.

“மேடம், நாலு வருஷம் முன்னாடி எங்க ஊர்க் கல்லைப் பத்தி எழுதுனீங்களே, அதைக் காட்டித்தான் இப்ப கல்லைத் தூக்கிட்டுப் போகப் பாக்குறாங்க. நாளைக்குப் பத்து மணிக்குப் பொக்லைன் வருது. எழுதுன நீங்களே வந்து பதில் சொல்லுங்க.”

பேசியவர் அமுதா. வலங்கைமான் பக்கம் குத்தகை நிலத்தில் பயிர் வைக்கிறவர், பி.எட். படித்தவர். குரலில் கெஞ்சல் துளிகூட இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

கல்லெழுத்து என்றால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. மைல்கல், எல்லைக்கல், சத்திரத்துக் கல்வெட்டு எதுவானாலும் வண்டியை நிறுத்திப் படித்துவிட்டுத்தான் நகர்வேன். அமுதா ஊர்க் கல் ஒரு சுமைதாங்கி. இரண்டு தூண், மேலே ஒரு குறுக்குக்கல். தலைச்சுமையோடு நடக்கிறவர்கள் இன்னொருவர் கையை எதிர்பார்க்காமல் சுமையை அதன்மேல் தள்ளி வைத்து இளைப்பாறலாம். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாகத்தான் பெரும்பாலும் நடுவார்கள். அவள் இறக்கி வைக்காமல் போன சுமைக்கு ஈடாக, வழிப்போக்கர் சுமையாவது இறங்கட்டும் என்பது வழக்கம்.

இதெல்லாம் தெரிந்திருந்தும் கோட்டை விட்டேன். கல்லில் ‘மேலப்பண்ணை உபயம்’ என்று மட்டும் இருந்தது. பண்ணை வீட்டில் விசாரித்தேன், மோர் கொடுத்தார்கள், குடித்தேன். ‘மேலப்பண்ணைக் கல்’ என்று தலைப்பு வைத்து எழுதிவிட்டேன். இப்போது சாலையை அகலப்படுத்துகிறார்கள். அந்தக் கட்டுரையைக் காட்டி, கல் எங்களுடையது, எங்கள் வீட்டு வாசலுக்கு வரட்டும் என்கிறார்கள் பண்ணைக்காரர்கள்.

8.20. நாற்பது கிலோமீட்டர் கடந்து கும்பகோணம். அங்கிருந்து வலங்கைமான் டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணம் இல்லை, ஆனாலும் டிக்கெட் உண்டு.

“மேலப்பண்ணைக் கல் ஒண்ணு குடுங்க.”

கண்டக்டர் விழித்தார். “அப்படி ஒரு ஸ்டாப்பே இல்லையேக்கா.”

“ரோட்டோரம் ஒரு சுமைதாங்கி இருக்குமே?”

“அட, அஞ்சலைக்கல்லா! அதைச் சொல்லுங்க!”

பக்கத்து இருக்கைக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அசடு வழிய. போன தடவை காரில் வந்திருந்தேன். காரில் வருகிறவளுக்கு நிறுத்தத்தின் பெயர் எப்படித் தெரியும்?

9.10. இறங்கினேன். இரு பக்கமும் குறுவை நடவு முடிந்த வயல்கள், வாய்க்கால் நிறையத் தண்ணீர். தார் மேல் தார் போட்டுச் சாலை உயர்ந்ததில் சுமைதாங்கி முழங்கால் உயரம் மட்டுமே வெளியே தெரியும்படி அமிழ்ந்திருந்தது. அமுதா வணக்கம் சொன்னார், சிரிக்கவில்லை. எதிரே பண்ணை வீட்டுச் சபேசன், சிங்கப்பூரில் வேலை, விடுமுறையில் வந்தவர். கையில் என் கட்டுரையின் ஜெராக்ஸ்.

“எங்க தாத்தா வச்ச கல்லுன்னு நீங்கதானே மேடம் எழுதியிருக்கீங்க? ரோட்டுல கெடந்து உடையறதுக்கு வீட்டுல பத்திரமா இருக்கட்டுமே.”

நல்ல மனிதர். பிழை என்னுடையது.

அமுதா நேராக அவரைப் பார்த்தார். “கல்லு குடுத்தது உங்க பண்ணைதான் சார், இல்லேங்கல. செத்தது எங்க வீட்டுப் பொண்ணு. எங்க கொள்ளுத்தாத்தாவுக்கு அக்கா, அஞ்சலை. உங்க வயல்ல வேலை செய்யப் போன எடத்துல வயித்துப் புள்ளையோட போயிட்டா.”

“அப்படின்னா பேரு இருக்கணுமே?”

“மண்ணுக்குள்ள பொதைஞ்ச பக்கத்துல இருக்கும்.”

10.15. பொக்லைன் தூண்களைத் தூக்கியது. வாய்க்கால் தண்ணீரை மொண்டு ஊற்றி, தேங்காய் நாரால் நானே தேய்த்தேன். நான்கு பக்கமும் தடவிப் பார்த்தேன். ஒரு எழுத்தும் இல்லை. அமுதாவின் முகம் வாடிப்போனது. நாசமாய்ப் போன என் தலைக்கனம்!

அப்போதுதான் கண்டக்டர் நினைவுக்கு வந்தார். சபேசன் பக்கம் திரும்பினேன்.

“சார், நீங்க பள்ளிக்கூடத்துக்கு எங்க பஸ் ஏறுனீங்க?”

“இங்கதான்.”

“திரும்பி வரப்ப எந்த ஸ்டாப்னு சொல்லி டிக்கெட் வாங்குவீங்க?”

சபேசன் கல்லைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “அஞ்சலைக்கல்லு.” கையிலிருந்த ஜெராக்ஸை மடித்தபடி, “பத்து வருஷம் அந்தப் பேரைச் சொல்லிருக்கேன். யாரு அஞ்சலைன்னு ஒருநாளும் கேட்டதில்ல.”

ஜெராக்ஸை வாங்கி அதன் ஓரத்தில் எழுதினேன்: ‘நான் எழுதியது தவறு. கல்லைக் கொடுத்தது மேலப்பண்ணை. கல் அஞ்சலைக்கு.’ தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். சபேசன் இரண்டு தடவை படித்தார். சாலைவேலை சூப்பர்வைசரைப் பார்த்து, “இங்கயே நடுங்க. புது ரோட்டுக்கு அந்தாண்ட” என்றார். “பேரை நான் வெட்டிக் குடுத்துடறேன் அமுதா.”

“வேணாம் சார். எங்க வீட்டுப் பேரு, நாங்களே வெட்டிக்கிறோம். நீங்க கூட நில்லுங்க, போதும்.”

அத்தோடு முடியவில்லை. பழையபடி முழங்கால் உயரத்துக்கே நடச் சொன்னார் சூப்பர்வைசர். “பஸ்ஸுக்கு நிக்கறவங்க உக்காரலாமேம்மா.”

“உக்காரவா வச்சாங்க?” அமுதாவுக்குக் கோபம் வந்துவிட்டது. வரப்பில் தலையில் புல்லுக்கட்டோடு வந்த செல்வி என்ற பெண்ணைக் கூப்பிட்டு நிறுத்தினார். அவள் தோளை அளவாக வைத்துத் தூணை இறக்கி, மண்ணை இறுக்கி, குறுக்குக்கல்லை ஏற்றினார்கள். செல்வி கல்லுக்கு முதுகு காட்டி நின்று லேசாகப் பின்னால் சாய்ந்தாள். கட்டு சறுக்கிக் கல்மேல் உட்கார்ந்தது.

“நல்லாருக்குக்கா” என்று கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். “யாரையும் கூப்பிட வேணாம்.”

அமுதா அப்போதுதான் சிரித்தார். எனக்குக் கண் கலங்கியது, மறைக்கவில்லை.

1.20. திரும்பும் பஸ். தஞ்சாவூரில் என் தெரு முனையில் நீலப் பலகையில் ஒரு பெரிய மனிதரின் பெயர் இருக்கிறது. தெருவில் யாரும் அதைச் சொல்வதில்லை, தண்ணித்தொட்டித் தெரு என்றுதான் சொல்கிறோம். இத்தனை வருடம் பலகைகளைப் படித்தே காலம் கழித்துவிட்டேன்.

காலையில் பார்த்த அதே கண்டக்டர். “எங்க ஏறுனீங்கக்கா?”

பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்: “அஞ்சலைக்கல்லு!”