நேராக வெட்டிய மணல்

குழியைப் பார்த்ததும் நான் இரண்டடி பின்னால் போனேன். நாலு பக்கமும் கத்தியால் வெட்டியது போல் நேராக இறங்கியிருந்தது. எங்கள் பக்கம் மண்ணைக் கொஞ்சம் சாய்த்துத்தான் வெட்டுவார்கள். சாய்க்காமல் வெட்டிய ஒரு குழியில்தான் என் அண்ணன் போனான்.

அது ஒரகடத்தில். கம்பெனிகளுக்குச் சுற்றுச்சுவர் எழும்பிக்கொண்டிருந்த நேரம். எங்கள் ஊர் பிள்ளைப்பாக்கத்துக்குப் பக்கம். அண்ணனும் அப்பாவும் சேர்ந்துதான் அஸ்திவாரம் தோண்டப் போவார்கள். அன்றைக்கு மழை விட்டிருந்தது. உள்ளே நின்ற அண்ணன் தண்ணீர் கேட்டிருக்கிறான். அப்பா விளிம்பில் குனிந்து சொம்பை நீட்டியிருக்கிறார். விளிம்பு அவர் காலோடு சேர்ந்து இறங்கிவிட்டது. இடுப்பு வரை மாட்டிய அப்பாவை இழுத்துவிட்டார்கள். அண்ணன் அதற்கு அடியில் இருந்தான்.

இதெல்லாம் கூட இருந்தவர்கள் சொன்னது. அப்பா ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதற்கப்புறம் அவர் எதையுமே பெரிதாகப் பேசவில்லை. சோறு வைத்தால் சாப்பிடுவார். வைக்காவிட்டால் கேட்க மாட்டார்.

அப்பா வேலை பார்த்த மேஸ்திரி எனக்குத் தாய்மாமன். அவர்தான் ஒருநாள் வீட்டுக்கு வந்து சொன்னார்.

"அக்கா, கடலோரம் ஒரு ஊர்ல காலேஜ்காரங்க பழைய கட்டடம் தோண்டுறாங்க. வெள்ளைக்காரன் காலத்து குடோன். கடப்பாரை வேலை கெடையாது, கரண்டியால சொரண்டுற வேலை. மாமாவ கூட்டிகினு போறேன். இங்க சும்மா குந்திகினு இருந்தா அவருக்குப் பைத்தியம் புடிச்சிடும்."

அம்மா என்னைப் பார்த்தாள். "நீயும் கூட போ. அவர கண்ணுல இருந்து வுட்டுடாத. ஒருத்தன குடுத்துட்டேன். இவரு முழுசா வூடு வந்து சேரணும், சொல்லிட்டேன்."

நான் எட்டாவதோடு நின்றவள். எனக்குத் தெரிந்த வேலை இல்லை. ஆனால் அப்பாவைக் கண்ணில் வைத்துக்கொள்ளும் இந்த வேலையை ஒப்புக்கொண்டேன்.

அங்கே போய்ப் பார்த்தால் எல்லாம் மணல். மணலுக்குள் செங்கல் சுவர். எங்கள் செங்கல்லை விட மெலிசு, குட்டி. தரையில் சுண்ணாம்பு வழவழவென்று இருந்தது. அந்தத் தரையில் ஒரு மூலையில் படிக்கட்டு கீழே போனது. அடியில் ஒரு நிலவறை இருந்திருக்க வேண்டும், அதைத்தான் தேடினார்கள். அதற்காக அந்தக் குழி மட்டும் மற்ற குழிகளை விட ஆழமாகிக்கொண்டே போனது. உள்ளே நின்றால் ஆளின் தலை தெரியாது.

முதல் நாள் காலையில் மாமா, "ஆழக் குழிக்கு யார் எறங்குறது?" என்றார். எல்லோரும் காலால் மணலைக் கிளறினார்கள். அப்பா ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார்.



எனக்குச் சல்லடை வேலை. கயிற்றில் மேலே வரும் மண்ணைச் சலித்தால் கண்ணாடித் துண்டு, நீலப்பூ போட்ட பீங்கான் சில்லு, வெள்ளை மண்ணில் செய்த புகைபிடிக்கும் குழாய்த் துண்டு கிடைக்கும். எடுத்து மேடத்திடம் கொடுக்க வேண்டும். மேடம் காலேஜ் ஆராய்ச்சிக்காரர். என்னை விட நாலைந்து வயசு கூட இருக்கும். வெயிலில் கறுத்துப்போய் எங்களோடுதான் டீ குடிப்பார். நல்ல மனசு.

நான் அவரிடம் கேட்டேன். "ஏன் மேடம் இவ்ளோ நேரா வெட்டுறீங்க? சாய்ச்சு வெட்டக் கூடாதா?"

"சாய்ச்சா அடுக்கு தெரியாதும்மா. இங்க பாரு, கறுப்பா ஒரு கோடு. தீப்பிடிச்சிருக்கு. அதுக்கு மேல வெள்ளையா இருக்கறது கூரை இடிஞ்ச சுண்ணாம்பு. எல்லாம் அந்தச் சுவர்லதான் இருக்கு." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மணல் மூட்டை அடுக்கியிருக்கோம். இன்னும் ஆழம் போனா பலகை கட்டிடுவோம். பயப்படாத. ஆனா யாரும் விளிம்புல நிக்கக் கூடாது. அது மட்டும்தான் ஆபத்து" என்றார்.

அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். அப்பாவைப் பார்க்க வேண்டுமென்றால் விளிம்புக்குப் போக வேண்டும். விளிம்புக்குப் போனால் நானே மணலை அவர் மேல் தள்ளியதாகிவிடும். கண்ணில் இருந்து விடாதே என்று அம்மா சொல்லியனுப்பியிருந்தாள். பார்க்கப் போனால்தான் ஆபத்து.

அதனால் காதால் பார்த்துக்கொண்டிருந்தேன். கரண்டி செங்கல்லில் படும் சத்தம் கேட்கும். க்ரிச், க்ரிச். கேட்கும் வரை சலிப்பேன். நின்றுவிட்டால் சல்லடையைப் போட்டுவிட்டுக் கத்துவேன்.

"ப்பா! இருக்கியா?"

பதில் வராது. கொஞ்ச நேரத்தில் மறுபடி க்ரிச் என்று கேட்கும். அதுதான் பதில்.

கயிறு இழுக்கும் அண்ணன் ஒருத்தர் எங்களோடு இருந்தார். தென்காசிப் பக்கம். ஒரகடத்தில் தங்கி வேலை பார்த்தவர். எதற்கெடுத்தாலும் கிண்டல் செய்வார். "என்ன தங்கச்சி, ஒங்கப்பாவ நீலப் பீங்கான்னு நெனச்சு சலிச்சுத் தேடுதியா? அவுக எங்கயும் போவலட்டி, கீழதான் இருக்காக" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன். காது குழிப் பக்கமே இருக்கும்.

அப்பா மதியச் சோற்றுக்கும் மேலே வரவில்லை. தூக்குவாளியைக் கயிற்றில் இறக்கச் சொன்னார். மற்றவர்கள் புங்கை மர நிழலில் சாப்பிட, அவர் மட்டும் குழிக்குள் அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டார். அதுதான் எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது. வேலைக்கு இறங்குவது வேறு. வேலை இல்லாதபோதும் ஒருத்தர் அங்கேயே இருந்தால் எதற்காகக் காத்திருக்கிறார் என்று தோன்றும் இல்லையா? எனக்குத் தோன்றியது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நிஜமாகிவிடும் என்று இருந்தது.

படம் எடுக்கும் நாள் வந்தது. மணல் சுவரின் நிறம் எடுப்பாகத் தெரியத் தண்ணீர் தெளிப்பார்கள். ஈரத்தில் அந்தக் கறுப்புக் கோடும் வெள்ளைக் கோடும் புதுச் சேலைக் கரை மாதிரி பளிச்சென்று தெரிந்தன. மேடம் சந்தோஷமாகப் படம் எடுத்தார். எனக்கு மட்டும் அந்த ஈரம் ஒரகடத்து மழையாகத் தெரிந்தது.

மறுநாள் மதியம். நல்ல வெயில். ஈரமெல்லாம் காய்ந்துகொண்டிருந்தது. காற்று வேறு. பலகை எடுத்துவர மேடம் மாட்டு வண்டிக்காரரைத் தேடிப் போயிருந்தார். "பலகை கட்டற வரைக்கும் யாரும் எறங்க வேணாம்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். எல்லோரும் மரத்தடியில் இருந்தோம். தூக்குவாளியைத் திறந்துவிட்டு நிமிர்ந்து பார்க்கிறேன், அப்பாவைக் காணோம்.

குழிப் பக்கமிருந்து சத்தமே இல்லை.

"ப்பா!" என்றேன். எதுவும் இல்லை. மறுபடி கத்தினேன். சர்ர் என்று ஒரு சத்தம் வந்தது. சர்க்கரை கொட்டுகிற மாதிரி. மணல் வழிகிற சத்தம்.

நான் ஓடினேன். பின்னால் மாமா, "ஏய், விளிம்புல போவாத!" என்று கத்துவது கேட்டது. ஏணி செங்கல் சுவரின் மேல் சாய்ந்திருந்தது. அந்தப் பக்கம் மணல் இல்லை. அதில் இறங்கினேன். எப்படி இறங்கினேன் என்று இன்றைக்கும் தெரியாது.

அப்பா படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். எதிர்ச் சுவரிலிருந்து மணல் ஒரு கோடாக ஒழுகி அவர் கால் விரலை மூடியிருந்தது. அவர் காலை எடுக்கவில்லை. என்னைப் பார்த்ததும் முகம் மாறியது. அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை.

"நீ எதுக்கு எறங்குன? ஏறு! ஏறுடீ மேல!"

மாதக்கணக்கில் கேட்காத குரல். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். 

"நீ வா. அப்புறம் நான் ஏறுறேன்."

"சொன்னா கேளு பாப்பா. மண்ணு ஒழுவுது பாரு."

"ஒழுவுறது உனக்குத் தெரியுதில்ல? அப்புறம் இன்னாத்துக்கு இங்க குந்திகினு கீற? சாவலாம்னா?"

அவர் தலையை ஆட்டினார். இல்லை என்றுதான் ஆட்டினார். 

"மேல நின்னுகினு, கீழ ஒருத்தன் வேலை செய்யறத பாக்க என்னால முடியல பாப்பா. யாரா இருந்தாலும் அவன் மாதிரியே கீது. அதான் நானே எறங்கிடறேன்."

"அப்ப நான் மட்டும் பாக்கணுமா?"

அவர் என்னையே பார்த்தார். மணல் ஒழுகிக்கொண்டே இருந்தது. அவர் எழுந்து என் கையைப் பிடித்துத் தூக்கினார். வலிக்கிற மாதிரி பிடித்தார். என்னை ஏணியில் முன்னால் விட்டு, என் பாதத்தின் கீழ் ஒரு கையை வைத்துத் தள்ளிக்கொண்டே ஏறி வந்தார். மேலே வந்ததும் மணலில் உட்கார்ந்து அழுதார். மாமா பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் கொடுத்தார். சொம்பைப் பார்த்ததும் அப்பா இன்னும் அழுதார்.

சாயந்திரம் அந்தச் சுவரில் ஒரு மூலை சரிந்தது. பெரிதாக ஒன்றும் இல்லை, நாலைந்து கூடை மணல். படிக்கட்டு மூடிப்போனது. நான் அதைப் போய்ப் பார்க்கவில்லை.

மறுநாள் பலகை கட்டினார்கள். தென்காசி அண்ணன் கீழே இறங்கினார். அப்பா என்னோடு சல்லடைக்கு வந்தார். குழிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சலித்தார். காது என் காது மாதிரியே குழிப் பக்கம் இருந்தது. கரண்டிச் சத்தம் நின்றபோது நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கத்தினார்.

"யப்பா! இருக்கியா?"

"இல்ல பெருசு! கப்பலேறி வெள்ளைக்காரன் ஊருக்குப் போயிட்டேன்!"

மரத்தடியே சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. "வாயாடாத, வேலைய பாரு. செவுத்த வுட்டு தள்ளி நில்லு" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டார். வேலை முடிந்து குழியைத் திரும்ப மணல் போட்டு மூடுகிற நாள் வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு முறையும் பதில் வருகிற வரை அவரும் நானும் சல்லடையை ஆட்டாமல் பிடித்துக்கொண்டிருப்போம்.