கைராசிக்காரரும் தண்ணீர் கேனும்

அந்த ஆய்வகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கைராசி என்றால் கைராசிதான். இருபத்தாறு வருடமாக டெக்னீஷியன் வேலை. கிருமியை வளர்த்து, அதன் சவ்வில் இருப்பதைத் தனியாகப் பிரித்து, பஞ்சு மாதிரி வெள்ளைப் பொடியாகக் கையில் கொடுப்பார். அவர் தொட்ட பொடி வேலை செய்யாமல் போனதில்லை என்று பேர். வீட்டில் மட்டும் இந்தப் பெருமை எடுபடாது. "அந்தக் கைராசிய நம்ம மிக்சிகிட்ட கொஞ்சம் காட்டுங்களேன்" என்பார் மனைவி. இவரும் சிரித்துவைப்பார். ஆனால் அந்தப் பட்டம் காதில் விழும்போதெல்லாம் உள்ளே சுருக்கென்று தைக்கும். பதினோரு வருடமாகத் தைத்துக்கொண்டிருக்கிறது.

ஆள் கெட்டவரில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். வாயைத் திறக்க வேண்டிய நேரத்தில் திறக்கவில்லை. அவர் செய்தது அது ஒன்றுதான்.

கிருமிகளில் உறை தடித்த வகை ஒன்று உண்டு. கிராம் பாசிட்டிவ் என்பார்கள். அதன் சவ்வுக்குள் கொழுப்பு முனையைப் புதைத்துக்கொண்டு, மீதி உடம்பை வெளியே நீட்டியிருக்கும் ஒரு பொருளைத்தான் அவர்கள் பிரித்தெடுத்தார்கள். அதற்கு முழ நீளத்துக்கு ஒரு பெயர் இருந்தது. ஆய்வகத்தில் 'வால்' என்றால் போதும். சூடான பீனாலைக் காட்டினால் வால் சிதைந்துவிடும். அதனால் சூடே இல்லாமல், கிருமியோடு பியூட்டனால் என்ற கரைப்பானும் தண்ணீரும் விட்டு நிதானமாகக் கலக்க வேண்டும். பிறகு வேகமாகச் சுழற்றினால் இரண்டும் தனித்தனியாக நிற்கும். வால் தண்ணீர்ப் பக்கம் இருக்கும். அதை மெல்லிய சவ்வுப் பையில் கட்டி, இரண்டு நாள் நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு உப்பை வெளியேற்ற வேண்டும். கடைசியாக, எண்ணெய்ப் பசையுள்ள மணிகள் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் விட்டு, கீழே சொட்டுவதைச் சின்னச் சின்னக் குப்பிகளில் பிடிக்க வேண்டும். ஒரு பகல் முழுக்க அசையாமல் உட்கார வேண்டிய வேலை அது. நடுவில் எழுந்து போனால் பத்து நாள் உழைப்பு போச்சு.

கைராசி பிரித்த வாலை ரத்தச் செல்கள்மேல் விட்டால், செல்கள் கொதித்து எழும். அதை வைத்து அப்போதைய தலைவர் கட்டுரை எழுதினார். ஊர் உலகமெல்லாம் பேசியது. கைராசியைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் டீச்சர் வந்து சேர்ந்தார். பள்ளிக்கூடத்தில் பதினான்கு வருடம் அறிவியல் நடத்திவிட்டு, நாற்பது வயதில், இரண்டு பிள்ளைகளோடு ஆராய்ச்சிக்கு வந்தவர். எல்லாவற்றிலும் கறார். கண்ணாடிச் சாமான்களை இருநூற்றைம்பது டிகிரியில் நாலு மணி நேரம் வைத்தெடுக்காமல் தொட மாட்டார். கைராசி உட்பட எல்லாரும் பிடிக்கும் பொதுக் கேன் தண்ணீரும் ஆகாது. ஊசி மருந்து கலக்கும் சுத்தத் தண்ணீரைப் புட்டி புட்டியாகத் தருவித்துக்கொள்வார். "நம்ம ஆஸ்பத்திரியவே மிஞ்சிட்டீங்க டீச்சர்" என்று கைராசிகூடக் கிண்டல் செய்திருக்கிறார்.

டீச்சர் பிரித்த வாலுக்குச் செல்கள் அசையவே இல்லை. இரண்டாம் முறையும் அப்படியே. "கைராசி செஞ்சா வருது, உங்களுக்கு ஏன் வரல?" என்று தலைவர் எல்லார் முன்னாலும் கேட்டார். டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார்.

மூன்றாம் முறை அவர் ஆரம்பித்த வாரத்தில், பொதுக் கேனின் குழாயில் ஒழுகல் என்று கைராசி அதன் திருகைக் கழற்றினார். உள்ளே விரலை விட்டால் வழவழவென்று ஒரு படலம். தண்ணீரில் வாழும் வேறு வகைக் கிருமி அங்கே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. அந்த வகையின் உறையில் ஒரு நஞ்சு உண்டு. துளியூண்டு போதும், செல்கள் கொதித்துவிடும். அதற்கும் கொழுப்பு முனை இருப்பதால், வாலோடு சேர்ந்தே குழாயில் ஒட்டி, சேர்ந்தே இறங்கும். கைராசிக்கு இதெல்லாம் தெரியும். கேனைத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் பிடித்து, யாருக்கும் சொல்லாமல் ஒரு முறை வாலைப் பிரித்துப் பார்த்தார். செல்கள் அசையவில்லை. அச்சு அசலாக டீச்சருடைய பொடி மாதிரியே இருந்தது.

தன் வாழ்க்கையில் சுத்தமாகச் செய்த அந்த ஒரு பொடியைத் தொட்டியில் கொட்டினார். பழைய பொடி இன்னும் ஒரு வருடத்துக்குக் கையிருப்பில் இருந்தது. அதையே எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அது தீர்வதற்குள் ஆய்வகம் வாலை விட்டு வேறு ஆராய்ச்சிக்கு மாறிவிட்டது.

டீச்சர் நேரிலேயே வந்து கேட்டார். "தம்பி, ஒருவேளை தண்ணிதான் காரணமா இருக்குமோ? உங்க பொடியச் சோதிச்சுப் பாக்கலாம்னு தலைவர்கிட்ட சொன்னேன், வேலை செய்யற பொடிக்கு எதுக்குச் சோதனைங்கறாரு."

கைராசி கையிலிருந்த குப்பியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "தண்ணி தண்ணிதானே டீச்சர். எல்லாம் கைப் பழக்கம். போகப் போக வந்துடும்."

வரவில்லை. டீச்சர் ஏழு முறை செய்தார். ஏழாவதும் அசையாமல் போனதும், "என் கைக்கு ராசியில்ல தம்பி" என்று சொல்லிவிட்டுப் பழைய பள்ளிக்கூடத்துக்கே திரும்பிப் போனார்.

போன மாதம் ஆய்வகத்தின் பெரிய ஃப்ரீசர் படுத்துவிட்டது. இப்போதைய தலைவி, இருப்பதையெல்லாம் பார்த்து ஒழித்துக் கட்டச் சொன்னார். அடித்தட்டில், ஒரே டப்பாவில், கைராசியின் பழைய குப்பி ஒன்றும், பள்ளிக்கூடக் கையெழுத்தில் 'ஏழு' என்று எழுதிய குப்பி ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. குதிரைலாட நண்டின் ரத்தத்திலிருந்து செய்த சோதனை மருந்து இப்போது ஆய்வகத்தில் உண்டு. அந்த நஞ்சு இருந்தால் கட்டியாக உறைந்துவிடும். மதியம் எல்லாரும் சாப்பிடப் போனபோது கைராசி இரண்டையும் சோதித்தார். ஒரு மணி நேரம் கழித்துக் கவிழ்த்துப் பார்த்தால், அவருடையது அடியில் ஒட்டிக்கொண்டு நின்றது. டீச்சருடையது தண்ணீராக வழிந்து ஓடியது.

மறுநாள் லீவு சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனார். ஆசிரியர்கள் அறையில் டீச்சர் தனியாக விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். தலை பாதி நரைத்திருந்தது.

"அட, கைராசித் தம்பியா? வாங்க, உக்காருங்க."

உட்காரவில்லை. கேன், படலம், தொட்டியில் கொட்டிய பொடி, நேற்றைய சோதனை எல்லாவற்றையும் நின்றபடியே சொல்லி முடித்தார். "உங்களோடதுதான் டீச்சர் சரி. ஏழும் சரி. என்னோடதுதான் அழுக்கு."

டீச்சர் சிவப்புப் பேனாவை மூடிவைத்தார். "எந்தத் தடவை நான் செஞ்சுட்டிருக்கும்போது உங்களுக்குத் தெரிஞ்சுது?"

"மூணாவது" என்றார் கைராசி.

டீச்சர் விரலை மடக்கினார். "அப்ப நாலு, அஞ்சு, ஆறு, ஏழு." மடக்கிய விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அஞ்சாவது தடவை, குழாய் பக்கத்துல உக்காந்திருக்கும்போது எனக்கு ஒரு போன் வந்துச்சு. நீங்களும் அங்கதான் இருந்தீங்க."

அவருக்கு ஞாபகம் வந்தது. உட்கார்ந்த இடத்திலேயே முகத்தைத் திருப்பி மெல்லப் பேசிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மறுபடி குப்பிகளை எண்ணினார் டீச்சர்.

"எங்க அண்ணன். அப்பா உன்னக் கேட்டுக்கிட்டே இருக்காரு, உடனே ஆஸ்பத்திரிக்கு வான்னான். பாதியில விட முடியாது, சாயங்காலம் வந்துடறேன்னேன். போனப்ப உயிர் இருந்துச்சு. பேச்சு இல்ல."

"சத்தியமா எனக்குத் தெரியாது டீச்சர்."

"போன் விஷயம் தெரியாது. பொடி விஷயம் தெரியும்."

மன்னித்துவிடுங்கள் என்று ஆரம்பித்தார் கைராசி.

"அது என்னால முடியுமான்னு எனக்கே தெரியல தம்பி. உங்க தலைவிகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல. முதல்ல உங்ககிட்ட சொல்லணும்னு..."

டீச்சர் மேசையிலிருந்து கோடு போட்ட தாள் இரண்டை உருவி அவர் பக்கம் தள்ளினார். "உக்காந்து எழுதுங்க. கேன்லேருந்து ஆரம்பிங்க. மூணாவது தடவையே தெரியுங்கறத விட்டுடாதீங்க. நீங்களே கொண்டுபோய் அவங்ககிட்ட குடுங்க."

மணி அடித்தது. டீச்சர் சாக்பீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனார். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் குரல் எப்போதும்போலக் கணீரென்று கேட்டது.

'பொடியில் கலப்பு இருந்ததாகத் தெரியவருகிறது' என்று முதல் வரியை எழுதி, தானே அடித்தார் கைராசி. 'எனக்குத் தெரியும்' என்று எழுதினார். அதற்குப் பிறகு கை ஓடியது. கேனை எழுதினார், படலத்தை எழுதினார், மூன்றாவது முறையை எழுதினார், நான்காவதையும் எழுதினார். ஐந்தாவது என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது. அடுத்த மணி அடித்து டீச்சர் திரும்பி வரும்வரை அந்த வரியிலேயே உட்கார்ந்திருந்தார்.