மல்லாட்டைத் தராசில் என் எடை

அது 1965-ஆம் வருஷம், வைகாசி மாதம். செஞ்சியில் மண்டிகள் எல்லாம் நிரம்பி, ரோட்டு ஓரம் வரைக்கும் மல்லாட்டை மூட்டை அடுக்கியிருந்த நேரம். வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்றுதான் சொல்வோம். அந்த வருஷம்தான் நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறினேன். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் பள்ளிக்கூடம் போனவர்கள் யாரும் கிடையாது. நைனா ஒரு மண்டியில் மூட்டை தூக்குகிறவர். அம்மா ஒரு பசுமாட்டை வைத்துக்கொண்டு டீக்கடைகளுக்குப் பால் ஊற்றுகிறவள். ரிசல்ட் வந்த அன்று நான் தெருவில் நடந்த நடையைப் பார்த்தவர்கள், கோட்டையை நான்தான் பிடித்துவிட்டேன் என்று நினைத்திருப்பார்கள்.

நர்ஸ் ஆக வேண்டும் என்பது என் ஆசை. எட்டாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்துக்கு அம்மை குத்த ஒரு அரசாங்க நர்ஸ் வந்தார். அவர் உள்ளே நுழைந்ததும் எங்கள் ஹெட்மாஸ்டர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். ஒரு பெண்ணுக்காக அவர் எழுந்து நின்றதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

ஆனால் எங்கே படிப்பது? இரண்டு வழி இருந்தது. ஒன்று, கடற்கரைப் பக்கத்து ஊரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி நடத்திய பள்ளி. பணம் கட்டினால் சேர்த்துக்கொள்வார்கள், மற்றபடி ஒன்றும் கேட்க மாட்டார்கள். விளைச்சலில் பங்கு தருவதாக வாரத்துக்கு எடுத்த அரை ஏக்கரில் நாங்கள் போட்ட மல்லாட்டையை அப்போதுதான் விற்றிருந்தோம். அந்தப் பணத்தோடு மாட்டையும் விற்றால் முதல் வருஷத்துக்குச் சரியாகப் போகும். அடுத்த இரண்டு வருஷத்துக்கு என்ன செய்வது என்று வீட்டில் யாரும் வாயைத் திறக்கவில்லை.

இன்னொன்று பட்டணத்தில் அரசாங்க ஆஸ்பத்திரிப் பள்ளி. அங்கே தேறிவிட்டால் தங்க இடம், சாப்பாடு, துணி, அதற்கு மேல் மாதாமாதம் உபகாரச் சம்பளமும் உண்டு. மார்க் எனக்குப் போதுமானதாக இருந்தது. ஆனால் உடல் தகுதி என்று ஒரு வரி போட்டிருந்தார்கள். எடை நாற்பது கிலோவுக்குக் குறையக் கூடாது.

நான் ஒல்லி. பள்ளிக்கூடத்தில் எனக்கு ஈர்க்குச்சி என்று பெயர். நாற்பது இருப்பேனா மாட்டேனா என்று யாருக்கும் தெரியவில்லை. அப்போது செஞ்சியில் ஒரு ஆள் ஏறி நிற்கிற தராசு எனக்குத் தெரிந்து ஒரே இடத்தில்தான் இருந்தது. நைனா வேலை செய்த மண்டியில்.

மூட்டை நிறுக்கிற இரும்பு மேடைத் தராசு அது. அவலூர்பேட்டை, அனந்தபுரம் பக்கமிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்த குடியானவர்கள் வரிசையாக நிற்க, ஒரு மூட்டையை இறக்கிவிட்டு அந்த இடத்தில் என்னை ஏறச் சொன்னார்கள். நான் எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள். அத்தனை பேர் முன்னால் சாக்கு மூட்டை மாதிரி நின்றபோது எனக்குத் தரையைத் தவிர வேறு எங்கும் பார்க்க முடியவில்லை. எடைக்காரர் தராசுச் சட்டத்தில் எடைக் குண்டை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார்.

"முப்பத்தெட்டு. இன்னாப்பா, பொண்ணுக்குப் படிப்பு மட்டும்தான் போட்டியா, சோறு போடலியா?"

எல்லாரும் சிரித்தார்கள். நைனாவும் சிரித்தார்.

தனியார் பள்ளிக்குப் பணம் கட்டக் கடைசி நாள், அரசாங்கப் பள்ளித் தேர்வுக்கு முந்தைய வாரம். இரண்டையும் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. மாட்டைப் பார்க்கத் தரகர் வந்தார். அதன் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார், மடியைத் தொட்டுப் பார்த்தார். அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு அதன் கழுத்தைச் சொறிந்துகொண்டே இருந்தாள். எனக்கு என்ன ரோஷம் வந்ததோ, "மாட்ட விக்க வேணாம். நான் எடையை ஏத்திக் காட்டறேன்" என்று சொல்லிவிட்டேன். தரகர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மாட்டைப் பார்த்தார். "எதை ஏத்தப் போற? வாயில பேச்சுதான் இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு நான் தூங்கியதாகவே ஞாபகம் இல்லை. ஊற வைத்த மல்லாட்டை, கேழ்வரகுக் களி, பழைய சோறு, மாட்டுக்குப் போக மிஞ்சிய எள்ளுப் பிண்ணாக்கில் வெல்லம் சேர்த்து ஒரு உருண்டை என்று அம்மா எதையாவது நீட்டிக்கொண்டே இருப்பாள். எனக்குப் பயத்தில் பாதி இறங்காது. சனிக்கிழமை சனிக்கிழமை மண்டிக்குப் போய் ஏறி நிற்பேன். குண்டு ஒரு கோடு நகரும், அரைக் கோடு நகரும். எடைக்காரர் ஒவ்வொரு தடவையும் ஏதாவது சொல்வார். "ஈரச் சாக்குல ஒருத்தன் எடை ஏத்துவான், நீ எப்படி ஏத்தப் போற?" என்பார். பணம் கட்டுகிற கடைசி நாளும் வந்து போனது. அன்று சாயங்காலம் நான் மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தேன். விட்டது விட்டதுதான், இனி ஒரே ஒரு வாசல்தான்.

பட்டணம் புறப்படுவதற்கு முந்தைய நாள் கடைசியாக ஏறி நின்றேன். முப்பத்தொன்பதரை. எடைக்காரர் அன்றைக்கு மட்டும் கிண்டல் செய்யவில்லை. "போய்ட்டு வாம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, என்னைப் பார்க்காமல் அடுத்த மூட்டைக்குக் கையைக் காட்டினார்.

விடிகாலை பஸ்ஸில் அம்மாவும் நானும் புறப்பட்டோம். அம்மாவின் மடியில் ஒரு சீப்பு வாழைப்பழம், காலடியில் மூடி போட்ட தூக்குவாளியில் தண்ணீர். திண்டிவனம் தாண்டியதிலிருந்து பழம் உரித்துக் கொடுக்க ஆரம்பித்தாள். பழம், தண்ணீர், பழம், தண்ணீர். அரைக் கிலோதானே குறைகிறது, தண்ணீரிலேயே வந்துவிடும் என்பது அவள் கணக்கு. ஆஸ்பத்திரி வாசலில் பியூன் அம்மாவை நிறுத்தி என்னை மட்டும் உள்ளே விட்டபோது, கேட் கம்பி வழியாகத் தூக்கை நீட்டி, மிச்சத்தையும் குடிக்க வைத்துவிட்டுத்தான் விட்டாள்.

உள்ளே நீளமான வராந்தா. பெஞ்சு பெஞ்சாகப் பெண்கள். காலில் செருப்பு, கையில் கடிகாரம் என்று பலர் இருந்தார்கள். முதலில் மார்க் பார்த்தார்கள், இரண்டு கேள்வி கேட்டார்கள், நன்றாகத்தான் சொன்னேன். அதற்குப் பிறகு உடல் பரிசோதனைக்கு உட்கார வைத்தார்கள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள், என் பெயர் வரவில்லை. வயிறு பானை மாதிரி இருக்கிறது. எழுந்து போய்விட்டு வரலாம். ஆனால் போனால் அந்த அரைக் கிலோ போய்விடுமே. பல்லைக் கடித்துக்கொண்டு, காலை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு, சுவரில் இருந்த விரிசலை எண்ணிக்கொண்டிருந்தேன். முன்வரிசையில் ஒரு பெண் எடையில் தேறாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். அவள் என்னைவிடக் குண்டாக இருந்த மாதிரிதான் எனக்குத் தெரிந்தது.

கடைசியில் என் பெயர் வந்தது. உள்ளே நடு வயது சிஸ்டர் ஒருவர் இருந்தார். தராசு அவர் பின்னால் இருந்தது. நான் நேரே அதை நோக்கிப் போனேன். அவர் குறுக்கே கையை நீட்டி ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியைக் கொடுத்தார்.

"முதல்ல போய் இதுல ஒண்ணுக்குப் பிடிச்சுட்டு வா."

எனக்கு உயிரே போய்விட்டது. கழிவறையில் நின்றுகொண்டு, நான்கு சொட்டு மட்டும் பிடித்து, மீதியை எப்படி அடக்கினேன் என்பது எனக்கும் கடவுளுக்கும்தான் தெரியும். திரும்பி வந்து குப்பியை நீட்டினேன். சிஸ்டர் குப்பியைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், நான் நின்ற நிலையைப் பார்த்தார்.

"தண்ணி குடிச்சுட்டு வந்தியா?"

நான் காலை மாற்றிப் போட்டேன்.

"வாழப்பழமா?"

தலையை ஆட்டினேன்.

"வருஷா வருஷம் இதே கதைதான். போ, முழுசா போய்ட்டு வா. இந்த உடம்போட மூணு வருஷம் ராத்திரி டூட்டி பார்க்கப் போறவ நீ, உன் வாழப்பழம் இல்ல."

போய்விட்டு வந்தேன். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். மாடு, பணம், தரகரிடம் பேசிய பேச்சு எல்லாம் கண்ணுக்குள் ஓடியது. மேடையில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டேன். உலோகம் நகரும் சத்தம் கேட்டது. அது நகர்ந்துகொண்டே இருந்தது.

"நாப்பத்திரண்டு. இறங்கு."

நான் இறங்கவில்லை. நன்றி சொல்ல வேண்டியவள், என்னையறியாமல், "சிஸ்டர், இந்தத் தராசு சரியா இருக்குதா?" என்று கேட்டுவிட்டேன். அவர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் குனிந்து மேஜைக்கு அடியிலிருந்து ஒரு இரும்புப் படிக்கல்லை எடுத்தார். அரசாங்க முத்திரை குத்திய பத்துக் கிலோ கல். என்னை இறக்கிவிட்டு அதை மேடையில் வைத்துக் காட்டினார். சரியாகப் பத்துக் காட்டியது.

"எடை பார்த்துத்தான் மருந்தளவு போடறோம். இது பொய் சொன்னா ஆள் போய்டும். தெனம் காலையில இந்தக் கல்ல வெச்சுப் பார்க்காம நான் யாரையும் ஏத்தறதில்ல."

மத்தியானம் தேறியவர்கள் பெயரை வாசித்தார்கள். என் பெயர் இருந்தது. அம்மா கேட்டுக்கு வெளியே மண்ணில் உட்கார்ந்து அழுதாள். திரும்பும் பஸ்ஸில் ஏறினதும், "வாழப்பழம்தான்டி காப்பாத்துச்சு" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனாள். நானும் சந்தோஷத்தில்தான் இருந்தேன். திண்டிவனம் வந்தபோதுதான் உறைத்தது. வாழைப்பழம் இரண்டரைக் கிலோ ஏற்றாது. தண்ணீர் எல்லாம் போன பிறகுதான் நாற்பத்திரண்டு. அப்படியென்றால் நான் முதல் நாளே நாற்பதுக்கு மேல் இருந்திருக்கிறேன். இத்தனை நாள் குறைத்துக் காட்டியது மண்டித் தராசு. எங்கள் அரை ஏக்கர் மல்லாட்டையும் அதே மேடையில்தான் ஏறியது.

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் நைனா காத்திருந்தார். கிடைத்துவிட்டது என்றதும் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். நடக்கும்போது எடை விஷயத்தைச் சொன்னேன். அவர் நின்றுவிட்டார்.

"அந்தக் கல்ல வெச்சு, நீ கண்ணால பார்த்தியா?"

"பார்த்தேன் நைனா."

மறுநாள் காலை நைனா என்னையும் கூட்டிக்கொண்டு மண்டிக்குப் போனார். எதற்கு என்று சொல்லவில்லை. வரிசையில் குடியானவர்கள் நின்றிருந்தார்கள். உள்ளே முதலாளி கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். நைனா எடைக்காரரிடம் போய், "அண்ணே, பொண்ணு நர்ஸ் படிக்கப் போவுது. போறதுக்கு முன்னாடி ஒரு தடவ நிறுத்துடுங்க" என்றார். எடைக்காரர் சிரித்துக்கொண்டே குண்டைத் தொட்டார். பிறகு நைனாவின் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

நான் ஏறினேன். இத்தனை நாளும் ஏறு ஏறு என்று வேண்டியவள், அன்றுதான் முதல் தடவையாக, ஏறக் கூடாது, ஏறக் கூடாது என்று வேண்டினேன். ஏறிவிட்டால் நைனா அத்தனை பேர் முன்னால் பொய்யர் ஆகிவிடுவார். வேலையும் போய்விடும்.

முப்பத்தொன்பதரை.

நைனா முதலாளி பக்கம் திரும்பவில்லை. வரிசையைப் பார்த்துத்தான் சொன்னார். "நேத்து பட்டணத்து கவர்மென்ட் ஆஸ்பத்திரியில நாப்பத்திரண்டு. ஒரு ராத்திரியில ரெண்டரை கிலோ எங்க போச்சுன்னு யாராவது கேட்டுச் சொல்லுங்க."

அவலூர்பேட்டையிலிருந்து வந்த ஒரு பெரியவர் என்னைச் சுற்றி வந்து பார்த்தார். "பொண்ணு எளைச்ச மாரி தெரியலியே" என்றார். யாரோ சிரித்தார்கள். ஒருவர் தன் மூட்டையை இழுத்துத் திரும்ப வண்டியில் போட்டார். அடுத்து இன்னொருவர். உள்ளேயிருந்து முதலாளி, தராசுக்கு வயசாகிவிட்டது, ஆள் வைத்துப் பார்க்கச் சொல்கிறேன் என்று குரல் கொடுத்தார். எடைக்காரர் தலையை நிமிர்த்தவே இல்லை.

அந்த வாரமே புதுத் தராசு வந்தது, முத்திரைக் கல்லோடு. பழைய எடைக்கு யாரும் யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லை. நைனாவை மட்டும் மூட்டைக்குக் கூப்பிடவில்லை. நான் பட்டணம் போகிற வரைக்கும், போன பிறகும் சில வாரம், அவர் வீட்டில்தான் இருந்தார். விற்காத அந்த மாடுதான் அப்போது அவர்களுக்குச் சோறு போட்டது. சரக்கு குவிந்து ஆள் பற்றாமல் போனதும் அவர்களே கூப்பிட்டு அனுப்பினார்கள்.

இப்போது நான் குழந்தைகள் வார்டில் வேலை செய்கிறேன். காலையில் டூட்டிக்கு வந்ததும் தராசில் முதலில் படிக்கல்லை வைத்துப் பார்ப்பேன், பிறகுதான் குழந்தையைக் கிடத்துவேன். ஒல்லியான பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிற தாய்மார்கள், குறைவாக இருக்குமோ என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அப்போதெல்லாம் அந்தச் சனிக்கிழமைகள் ஞாபகத்துக்கு வரும். ஊரிலேயே அதிகம் படித்த பெண் என்று தலை நிமிர்ந்து நடந்தவள், என் சோற்றைச் சந்தேகப்பட்டேன், என் உடம்பைச் சந்தேகப்பட்டேன், அந்தத் தராசைச் சந்தேகப்பட எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லையே என்பது இன்னும் என்னை உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது.