மறக்காத பெட்டி கேட்டவள்

ஜெயந்தி இறந்த செய்தி வந்தபோது நான் ரங்கத் பஸ் ஸ்டாண்டில், அம்மா கொடுத்தனுப்பிய வாழைத்தாரை எங்கே வைப்பது என்று கண்டக்டரோடு வாதாடிக்கொண்டிருந்தேன். அவளுடைய அண்ணன் முருகேசன் அழைத்தார். காலையில் குளித்துவிட்டு வந்தவள் தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்தாளாம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். உடனே கிளம்பினேன். ஆனால் எங்கள் தீவுச் சாலையில் அவரவர் அவசரத்துக்குப் போக முடியாது. பழங்குடியினர் வாழும் காட்டுப் பகுதியைக் காவல் வண்டியின் பின்னால் வரிசையாகத்தான் கடக்க வேண்டும், அதற்கென்று நேரம் இருக்கிறது. காவல் சாவடி கேட்டில் பஸ் நின்றது, நானும் இறங்கி நின்றேன். போர்ட் பிளேர் வந்து சேர்ந்தபோது தகனம் முடிந்து எல்லோரும் குளித்துவிட்டார்கள்.

இதைப் படிக்கப்போகிறவர்களில் பாதிப் பேர் பெட்டி செய்யும் நமது குழுவினர். சென்னையிலும் பெங்களூரிலும் கோவையிலும் இருந்துகொண்டு அவளைத் திரையில் மட்டும் பார்த்தவர்கள். மீதிப் பேர் போர்ட் பிளேரில் மரைன் ஹில்லில் அவளோடு வளர்ந்தவர்கள். இவர்களுக்கு அந்தப் பெட்டி என்னவென்று இன்றுவரை தெரியாது. இவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அது டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டி. முகப்பில் திருகும் குமிழ்கள், அவற்றிலிருந்து வயர்கள். பெட்டிக்குச் சொந்தக் குரல் கிடையாது. பக்கத்தில் இருக்கும் சின்தசைசருக்கு எந்தச் சுரம், எப்போது என்று கட்டளையிடும். மெட்டை நாம் கொடுக்க வேண்டியதில்லை, அதுவே கட்டும். பொழுதுபோக்காக நாலைந்து பேர் சேர்ந்து ஆரம்பித்து, பிறகு உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் வாங்கும் அளவுக்கு வந்தது. நான் அதைச் சோதித்துப் பார்ப்பவள், தமிழில் கையேடு எழுதுபவள். உள்ளே ஓடும் நிரலில் எனக்கு ஒரு வரிகூடத் தெரியாது.

முதல் பெட்டி எனக்குக் கப்பலில்தான் வந்தது. ஜெயந்தி வேலை பார்த்த கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் பார்சலை வாங்கப் போனேன். உள்ளே என்ன என்று கேட்டாள். பாட்டுக் கட்டும் பெட்டி என்றேன். அன்று மாலையே பத்துபஸ்தியில் என் வீட்டுக்கு வந்துவிட்டாள். கோயில் பஜனைக்கு ஆர்மோனியம் வாசிப்பவள், சும்மா இருப்பாளா? தலைக்கு மேல் விமானம் இறங்கும் சத்தத்துக்கு நடுவே காதை வைத்துக் கேட்டாள். முதல் பதிப்பு ஒரு மெட்டைக் கட்டிவிட்டு, கட்டியதையே திரும்பத் திரும்பச் சொல்லும். அவள் முகம் சுளித்தாள். எங்கள் ஊர்ப் பேச்சில் இந்தி கலந்திருக்கும், 'மகர்' என்றால் ஆனால்.

"நல்லாத்தான் இருக்கு. மகர் இது மாறவே மாட்டேங்குதேடி. செத்தவன் போட்டோ மாதிரி அப்படியே இருக்கு."

ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சுரமாவது மாறவேண்டும், ஆனால் முந்தையதை மறந்துவிடாமல் மாறவேண்டும் என்பது அவள் சொன்னதுதான். அதை நான் குழுவுக்கு எழுதினேன். இரண்டாம் பதிப்பில் வந்தது. இன்று இந்தப் பெட்டியைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் முதலில் பாராட்டுவது அதைத்தான். கையேட்டில் அவள் பெயரைப் போட்டு அனுப்பினேன். அச்சில் வந்தபோது "பயனர் ஒருவரின் யோசனை" என்று இருந்தது. அவளிடம் காட்டினேன். "பயனரா? சலோ, அதுவும் ஒரு உத்தியோகம்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு அவளையும் குழுவில் சேர்த்துக்கொண்டோம், அவளுக்கும் ஒரு பெட்டி வந்தது. ஒரு சுர வரிசை இன்னொரு சுர வரிசைக்காகக் காத்திருக்கும் வசதியையும் அவள்தான் கேட்டாள். கடிகாரம் தட்டிவிட்டது என்பதற்காக எல்லாச் சுரமும் ஓடிவிடக் கூடாது, வரவேண்டியது வந்த பிறகுதான் மற்றது கிளம்பவேண்டும் என்றாள். மெயின்லேண்டுக்காரர்களுக்கு அது புரியவே ஒரு கூட்டம் பிடித்தது. கப்பல் எப்போது வரும் என்று கேட்பவர்களுக்கு நாள் முழுக்கப் பதில் சொல்லிப் பிழைப்பவளுக்குக் காத்திருப்பதைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அதுவும் நிறைவேறியது. அப்போதெல்லாம் குழுவைப் பற்றி எனக்கு நல்ல எண்ணம் இருந்தது.

நமது வழக்கம் உங்களுக்குத் தெரியும். அடுத்த பதிப்புக்கு முன்னால் கூட்டம் போடுவோம். ஆளாளுக்கு ஒரு மேம்பாட்டைச் சொல்வார்கள். வாக்கெடுப்பு நடக்கும். மேலே வந்தவை நடக்கும், மற்றவை அடுத்த பதிப்புக்குத் தள்ளப்படும். ஜெயந்தி மூன்றாம் பதிப்பிலிருந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான்: கரண்ட் போய் வந்தால் பெட்டி விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். அதற்கு அவளுக்குக் காரணம் இருந்தது. நாள்கணக்கில் விடாமல் ஓடினால்தான் அந்தப் பெட்டி நல்ல மெட்டுக்கு வந்து சேரும். எங்கள் ஊரில் அத்தனை நாள் விடாமல் ஓட எதற்குக் கொடுத்துவைத்திருக்கிறது? ஒருநாள் அபாரமாக ஒன்று வந்துவிட்டது, உடனே வா என்று கூப்பிட்டாள். நான் மரைன் ஹில் ஏறி மூச்சு வாங்கி வாசலில் நிற்கும்போது வீடு இருண்டிருந்தது. அவள் படியில் உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து பாடிக் காட்டப் பார்த்தாள். பாதியில் வரவில்லை.

அந்த வருடக் கூட்டத்தில்தான் குழுவை நடத்துகிறவர் அந்த வார்த்தையைச் சொன்னார். பெயர் எழுத மாட்டேன், அவரும் இதைப் படிப்பார். "மேடம், அது உங்க ஊர்ப் பிரச்சினை. ஒரு இன்வெர்ட்டர் வாங்கிக்குங்களேன்." பெட்டிக்கு ஞாபகம் கேட்டவளிடம் வீட்டுக்கே பேட்டரி வாங்கச் சொன்ன மகான். இரண்டு பேர் சிரித்தார்கள். ஜெயந்தி குரலை உயர்த்தவில்லை.

"கரண்ட் போறது எங்க ஊர்ப் பிரச்சினை, சரி சார். வந்ததுக்கு அப்புறமும் எல்லாத்தையும் மறந்துட்டு நிக்கிறது உங்க பெட்டிப் பிரச்சினை."

வாக்கெடுப்பு தொடங்கியது, இங்கே நெட் போய்விட்டது. இருவரும் என் வீட்டில்தான் இருந்தோம். திரும்ப இணைந்தபோது கூட்டம் முடிந்திருந்தது. வராதவர்கள் கணக்கில் எங்கள் இருவரையும் எழுதியிருந்தார்கள். அந்தப் பதிப்பில் குமிழ்களைச் சுற்றி வண்ண விளக்கு வந்தது. அடுத்ததில் போனிலிருந்து இயக்கும் வசதி வந்தது. அவளுடையது தள்ளிக்கொண்டே போனது. நான் கோபப்பட்டால், "ரெஹ்னே தே, விடுடி. அடுத்த கப்பல்ல வரும்" என்பாள். வராது என்று எனக்கு அப்போதே தெரிந்திருந்தது.

இனி தகனத்துக்கு மறுநாள் நடந்ததைச் சொல்கிறேன். துக்கம் கேட்க மரைன் ஹில் போனேன். கூடத்தில் உறவினர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவள் அறையிலிருந்து பெட்டி பாடிக்கொண்டிருந்தது. நான் நின்றதைப் பார்த்து முருகேசன் அண்ணன் எழுந்து வந்தார்.

"அவ சாலு பண்ணி வெச்சிட்டுப் போனதும்மா. பந்த் பண்ண எனக்கு மனசு வரல."

எந்தப் புண்ணியத்திலோ அந்த வாரம் அதுவரை மின்சாரம் போகவே இல்லை. அவள் தொடங்கி வைத்தது அவள் போன பிறகும் வளர்ந்துகொண்டிருந்தது. எத்தனையோ மெட்டுகளை அந்தப் பெட்டியில் கேட்டிருக்கிறேன், அப்படி ஒன்றைக் கேட்டதில்லை. ஒரு வரிசை மேலே ஏறிப் போய் நிற்கும். இன்னொன்று மெதுவாக வந்து சேரும்வரை நிற்கும். பிறகு இரண்டும் சேர்ந்து இறங்கும். நான் அவள் கட்டிலில் உட்கார்ந்து போனில் பதிவு செய்ய ஆரம்பித்தேன். அழாமல் இருந்த அவள் அண்ணி அப்போதுதான் அழுதார்.

மின்விசிறி நின்றது. பெட்டியும் நின்றது.

யாரும் எதுவும் செய்வதற்கில்லை. விசிறி மட்டை தேடினார்கள். கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்தது. மின்விசிறி விட்ட வேலையைத் தொடர்ந்தது. ஃபிரிட்ஜ் உறுமத் தொடங்கியது. பெட்டி மட்டும் பார்சலைப் பிரித்த அன்று பாடிய அதே நான்கு சுரங்களோடு முதலிலிருந்து ஆரம்பித்தது. அண்ணன் அறைக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, வேற என்னமோ பாடுது?"

அவருக்கு நான் என்ன சொல்வது? நம் வாக்கெடுப்பு முறையை விளக்குவதா? புதிதாக ஆரம்பிக்கிறது அண்ணா என்றேன். தங்கை திரும்ப வருவாளோ என்று கேட்பதுபோல, பழையது திரும்ப வருமா என்று கேட்டார். வராது என்றேன். அவரே போய் சுவிட்சை அணைத்தார்.

இதை நான் குழுவில் எழுதியபோது எத்தனை கைகூப்பிய படங்கள் வந்தன. குழுவை நடத்துகிறவர் என்னைத் தனியாக அழைத்து ஆறுதல் சொன்னார். இவ்வளவு முக்கியம் என்று தெரியாமல் போய்விட்டதாம். பார்க்கப்போனால் ரெண்டு சாயங்கால வேலைதானாம். நல்ல மனதோடுதான் சொன்னார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த ரெண்டு சாயங்காலத்தை நான் சாகும்வரை மன்னிக்க மாட்டேன். மறுநாள் புதிய பதிப்புக்கு அவள் பெயரையே வைக்கலாம் என்று யோசனை வந்தது. முகப்பில் "ஜெயந்தி" என்று அழகான எழுத்தில் படம் வரைந்தும் அனுப்பிவிட்டார்கள். கீழே புதிய வசதிகளைப் படித்தேன். அவள் கேட்டது அதிலும் இல்லை. அச்சு நெருங்கிவிட்டதாம், அதற்கடுத்த பதிப்பில் பார்க்கலாமாம். இருக்கும்போது ஒரு வாய்க் கஞ்சி ஊற்றாதவர்கள் செத்த பிறகு தலைவாழை இலை போட்டுப் படைப்பார்கள் என்பார்கள் எங்கள் வீட்டில். நீங்கள் படையலிலும் கஞ்சியை விட்டுவிட்டீர்கள்.

இந்த முறை இங்கே நெட் நன்றாக இருக்கிறது. என் வாக்கை எழுதிக்கொள்ளுங்கள்: வேண்டாம். கரண்ட் போனால் எல்லாவற்றையும் மறந்துவிடுகிற பெட்டிக்கு அவள் பெயரை வைக்காதீர்கள்.

அவளுடைய பெட்டியை அண்ணன் என்னிடம் கொடுத்துவிட்டார். பத்துபஸ்தி வீட்டில் அலமாரியில் இருக்கிறது, நான் பிளக்கில் போடவில்லை. அவளுடையதாக என்னிடம் மிஞ்சியது போனில் இருக்கும் அந்தப் பதிவுதான். தினமும் போட்டுக் கேட்கிறேன். அது மாறவே மாறாது. முதல் நாள் அவள் முகம் சுளித்துச் சொன்ன குறை இன்று அவளுடைய மெட்டுக்கே வந்துவிட்டது. மேலே ஏறிய வரிசை நிற்கிறது. மற்றது வந்துகொண்டிருக்கிறது. எங்கள் ஊரில் கரண்ட் எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தப் பதிவில் மட்டும் எந்தச் சுரத்தில் போகும் என்று எனக்குத் தெரியும்.